முதலில் எங்கள் வாய்

போன மாதம் சாய்ந்தமருதிலிருந்து கல்முனை வரைக்கும் ஒரு நடைபவனி போனது. புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கிற நடைபவனி. ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி டீசேட். அந்த வருத்தத்துக்கு அவரவர் பறிகொடுத்த ஆளின் பேரை முதுகில் அச்சடித்திருந்தார்கள். 'என் வாப்பா' என்று ஒரு முதுகு. 'என் சாச்சி' என்று இன்னொரு முதுகு. கீழே பெரிய எழுத்தில் பேர். வீதியோரம் எனக்கும் என் பக்கத்தில் இருந்த ஒரு வயதானவருக்கும் கதிரை போட்டுத் தந்திருந்தார்கள். அவர் யாரென்று பிறகு சொல்கிறேன். நான் முதுகு முதுகாக வாசித்தேன். இடையில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

நடைபவனியை ஒழுங்கு செய்தவள் பர்ஸானா. நான் பார்த்த வேலையை அதே பகுதியில் இப்போது பார்க்கிற மருத்துவமாது. அவளுடைய உம்மா பிறந்தது என் கையில் என்பதால் அவளுக்கு என்னிடம் பயமில்லை. "மிஸ், இந்த ஊரில இப்பிடிச் செய்றது நாங்கதான் முதல், என்ன?" என்றாள். இல்லை என்றேன். நாற்பது வருசத்துக்கு முந்தியே நாங்கள் செய்துவிட்டோம், டீசேட் இல்லாமல், ஊர்வலம் இல்லாமல், அரிசியிலும் நெல்லிலும் செய்தோம் என்றேன். அவள் நம்பாத மாதிரிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிழவி பெருமையடிக்கிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெருமையான வேலையைச் செய்துவிட்டு அதை அடக்கி வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

நான் மட்டக்களப்பில் பயிற்சி எடுத்து, எழுபதுகளின் நடுவில் சொந்த ஊருக்கே வேலைக்கு வந்தவள். ஒரு குடை, ஒரு தோல்பை, நடக்க இரண்டு கால். பிரசவம் பார்ப்பது, கர்ப்பிணிகளுக்கு இரும்புக் குளிசை கொடுப்பது, குழந்தையை ஊசிக்கு அனுப்பச் சொல்லித் தாய்மாரோடு மல்லுக்கட்டுவது, இதுதான் வேலை. வாய்க்குள் பார்ப்பது எங்கள் வேலையில்லை.

சூறாவளி அடித்து ஊரே கூரையில்லாமல் கிடந்ததற்கு அடுத்த வருசம் என்னுடைய உம்மா மௌத்தானார். அவர் பேர் மரியம்பீவி. சுபஹு தொழுத கையோடு வெற்றிலை மடித்து இடது கன்னத்தில் அடக்கினால், படுக்கப் போகும்வரை அந்தக் கன்னம் வெறுமையாக இராது. அந்தக் கன்னத்திலேதான் வந்தது. எங்களுக்கு அவர் சொன்னபோது வாயைத் திறக்கவே முடியாத நிலை. கடைசி மாதங்களில் கஞ்சியைக் கரண்டி நுனியால் விட்டுக் கொடுத்தோம். பின்னறையில் திரை கட்டி வைத்திருந்தோம். பார்க்க வந்தவர்களிடம் பல்லு வருத்தம் என்றோம். புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் ஊரில் அப்போது யாரும் வாயில் எடுப்பதில்லை. குரலைத் தாழ்த்தி 'அந்த வருத்தம்' என்பார்கள். தொற்றிவிடும் என்ற பயம் ஒன்று. குடும்பத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் பெண்பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம் அதைவிடப் பெரியது.

அதற்கு இரண்டு வருசம் கழித்து டொக்டர் சிவமலர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். பல் வைத்தியர். இந்தக் கரையோரத்திலும் உள்ளே சம்மாந்துறை, இறக்காமம் பக்கத்திலும் வெற்றிலை போடுகிறவர்களின் வாயில் ஏன் இவ்வளவு பேருக்கு இந்த வருத்தம் வருகிறது, வருவதற்கு முந்தி வாய் என்ன அடையாளம் காட்டுகிறது என்று ஆராய்ச்சி செய்ய வந்தவர். முஸ்லிம் வீடுகளில் குசினி வரைக்கும் போய் வர ஊர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்று என்னை அவரோடு சேர்த்துவிட்டார்கள். ஆண்கள் பக்கத்துக்கு றசாக் என்ற சுகாதாரப் பரிசோதகர். மருதமுனைப் பிள்ளை, நெசவுக் குடும்பம். வாய் கொஞ்சம் நீளம்.

டொக்டரின் முறையை நான் யாரிடமும் கண்டதில்லை. முதல் நாளே என்னிடம் சொன்னார்: "முதல் எங்கட வாய், பிறகு அவையின்ர வாய். மறக்காதையுங்கோ." எந்த வீட்டுக்குப் போனாலும் காட்டிய இடத்தில் இருப்பார். தருகிற தேத்தண்ணியைக் குடிப்பார். பிறகு டோர்ச் லைட்டை வீட்டுக்காரியின் கையில் கொடுத்துத் தன் வாயைத் திறப்பார். கடைவாயில் ஒரு பல் இல்லாததையும் அவராகவே காட்டுவார். ஒரு டொக்டரின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்க்கக் கிடைத்தால் எந்தப் பொம்பிளைதான் சிரிக்க மாட்டாள்? சிரித்துக் கொண்டிருக்கும்போதே டொக்டர் சொல்லுவார்: "என்ர அப்பா சுருட்டுக் குடிக்கிறவர். நாக்கில புற்றுநோய் வந்து செத்துப்போனார். அதுதான் நான் இந்த வேலைக்கு வந்தனான்." இன்றைக்கு என்ன கறி என்று சொல்லுகிற மாதிரிச் சொல்லுவார். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு கூசிவிட்டது.

பார்க்கும் ஒழுங்கும் மாறாது. வாயைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். பிறகு உதடு, உதட்டின் உள்பக்கம், ஒரு கன்னம், மற்றக் கன்னம், மேலண்ணம். நாக்கை நீட்டச் சொல்லி நுனியைத் துணியால் பிடித்து இரண்டு கரையையும் திருப்பிப் பார்க்க வேண்டும். கடைசியாக நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடியில் பார்க்க வேண்டும். வெள்ளைப் படை இருந்தால் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைக்கப் போனால் பயமில்லை. போகாவிட்டால் குறித்துக்கொள்ள வேண்டும். சிவப்பென்றால் சின்னதானாலும் அவரைக் கூப்பிட வேண்டும். வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்குகிறார்கள் என்று நான் முதலில் கேட்டு அந்தப் பக்கமே முதலில் பார்ப்பேன். அது கெட்டித்தனம் என்று எனக்கு நினைப்பு. டொக்டர் விடவில்லை. அங்கே ஒன்றைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடும், மற்ற இடத்தைப் பார்க்காது, ஆகவே ஒழுங்கைக் குழப்பாதே என்றார். அவசரப்பட்டேன் என்றால் திட்ட மாட்டார். கண்ணாடியைத் திரும்ப என் கையில் வைத்து, "திரும்பவும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நான் பயந்த மாதிரி எந்த மேலதிகாரியின் சத்தத்துக்கும் பயந்ததில்லை.

முதல் சுற்று முடியும்போது அரசாங்கம் கொடுத்த காசும் முடிந்துவிட்டது. கிளினிக் மரவாங்கில் உட்கார்ந்து பிளேன் ரீ குடித்தபடி டொக்டர் எனக்கும் றசாக்குக்கும் விளங்கப்படுத்தினார். வெள்ளைப் படை எத்தனையோ வாயில் இருக்கிறது. அநேகமானது அப்படியே கிடக்கும். சிலதுதான் கெட்டதாக மாறும். எது மாறும் என்று தெரிய வேண்டுமென்றால் ஒரு வருசம் கழித்து அதே வாய்களைத் திரும்பப் பார்க்க வேண்டும். வெட்டியெடுக்கிற துண்டுகளைப் போத்தலில் போட்டுத் தலைநகர ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டாம் சுற்று இல்லையென்றால் முதல் சுற்றும் வீண் என்றார். தன்னுடைய அப்பாவின் பேரில் தன் சம்பளத்தில் கொஞ்சம் போடுவதாகச் சொன்னார். அது எந்த மூலைக்குக் காணும்?

அரிசி யோசனை என்னுடையது. எங்கள் பெண்கள் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியாகத் தகரப் பேணியில் போட்டு வைப்பார்கள். மௌத்தானவர்களின் பேரில் ஏழைக்குக் கொடுக்கிற அரிசி அது. அதில் பாதியை விற்று ஆராய்ச்சிக்குத் தந்தால் என்ன? மௌலவியிடம் ஆள் விட்டுக் கேட்டோம். வைத்தியருடைய போத்தலுக்குக் கொடுத்த அரிசி கபுறில் அடங்கினவருக்குப் போய்ச் சேருமா என்பதுதான் பெண்களின் கேள்வி. அடுத்த வெள்ளிக்கிழமை மௌலவி, பிறருக்குப் பயன்படுகிற அறிவுக்குக் கொடுத்தது அறுந்து போகாத தர்மம், சேரும் என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு பேணி நிறையத் தொடங்கியது.

ஆனால் யாரின் பேரில் என்று கேட்டால் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். பேர் சொன்னால் வருத்தமும் வெளியே வந்துவிடும். 'பேர் வேணாம், அல்லாஹ்வுக்குத் தெரியும்' என்பார்கள்.

அறுவடை வந்தது. பேணி அரிசியோடு நிற்காமல் நெல்லும் கேட்போம் என்று றசாக் துடித்தான். சம்மாந்துறையில் உதுமான் போடியார் என்று பெரிய வெள்ளாமைக்காரர் இருந்தார். அவருடைய மூத்த மகனைத்தான் என்னுடைய காக்காவின், கூடப்பிறந்த அண்ணனின், மகள் நிஸாவுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. காக்கா வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டி வீட்டைக் கூரைமட்டத்துக்குக் கொண்டு வந்திருந்தார். நாளைக்குச் சொந்தக்காரராகப் போகிறவர், கேட்டால் தருவார் என்று நானும் போனேன்.

போடியார் சூடடிக்கிற களத்தில் நின்றார். உழவு மெசின் மிதித்து முடித்து, நெல்லைத் தூற்றிப் பொலியாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். களத்துக்கென்று மரியாதை உண்டு. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். குடையை மடக்க வேண்டும். 'இல்லை', 'முடிஞ்சி', 'போதும்' என்ற சொற்களையே அங்கே சொல்ல மாட்டார்கள். சொன்னால் பொலி குறைந்துவிடும் என்பது நம்பிக்கை. தறிக்குப் பக்கத்தில் வளர்ந்த றசாக்குக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான் வாய் திறக்குமுன் அவன் தொண்டையைச் செருமி, வாய்ப் புற்றுநோயால் மௌத்தாகிப் போனவர்களின் பேரில் என்று மேடைப் பேச்சுத் தொடங்கிவிட்டான்.

தூற்றின கைகள் நின்றுவிட்டன. வேலைக்காரர்கள் போடியாரைப் பார்த்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"பொலிக்குப் பக்கத்தில நிண்டா மௌத்துக் கதை கதைக்கிற? வெளிய போங்க தம்பி," என்றார். என்னைப் பார்த்து, "நீயுமா புள்ள?" என்றார். அது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. திரும்பும் வழியெல்லாம் றசாக் ஒரு சொல் கதைக்கவில்லை. அவனுடைய வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

காக்காவின் காதுக்குச் செய்தி எனக்கு முந்தியே போய்விட்டது. சம்பந்தம் கெட்டுப்போனால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றார். ஆனால் சம்பந்தம் கெடவில்லை. மாறாக, கிழமை கழியுமுன் சம்மாந்துறையிலிருந்து உழவு மெசின் இழுத்த பெட்டியில் நெல் மூட்டைகள் வந்து கிளினிக் வாசலில் இறங்கின. போடியார் வீட்டு நெல். யாரின் பேரில் என்று கேட்டேன். பேர் சொல்லவில்லை, குடுத்துட்டு வரச் சொன்னாங்க என்றான் சாரதி. கோபத்தை நெல்லால் கழுவுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதைப் பார்த்து மற்றப் போடிமாரும் கொடுத்தார்கள். நெல் வந்தது, வாய் வரவில்லை. இரண்டாம் சுற்றுக்குக் கதவைத் தட்டினால் போன வருசம் சிரித்துக்கொண்டு டோர்ச் பிடித்த பெண்களே உள்ளே விடவில்லை. காரணம் விளங்கியது. முதல் தடவை எல்லா வீட்டுக்கும் போனோம், யாருக்கும் வெட்கமில்லை. இரண்டாம் தடவை படை இருந்த வீட்டுக்கு மட்டும் போகிறோம். மிஸ் திரும்ப வந்தால் அந்த வீட்டில் 'அது' இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி கணக்குப் போடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆகவே தங்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

டொக்டர் மனம் விட்டுப் போனதை அன்றைக்குத்தான் கண்டேன். "நெல்லை வைச்சு நான் என்ன செய்யிறது, பிள்ளை? எனக்கு வாய் வேணும்," என்றார். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து உம்மாவின் பழைய கட்டிலில் இருந்து யோசித்தேன். முதலில் எங்கள் வாய் என்று டொக்டர் சொன்னது பல்லைக் காட்டுவதை மட்டுமா? அவர் பல்லைக் காட்டிவிட்டு அப்பாவையும் அல்லவா காட்டினார்? நான் பல்லோடு நின்றுவிட்டேன். என்னுடைய உம்மாவுக்கு நான் இன்னும் பல்லு வருத்தம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாய் மூடிக் கிடக்க, ஊர் வாயைத் திற என்றால் திறக்குமா?

உம்மா மௌத்தான நாளின் வருசக் கத்தம் வந்தது. எங்கள் வளவில் பெண்கள் கூடி யாசீன் ஓதுவார்கள். முடிவில் ஓதுகிறவர் மௌத்தானவர்களின் பேர்களைக் கேட்டுக் கேட்டு துஆச் செய்வார். அந்த இடத்தில் எல்லாரும் அரிசிப் பேணியோடு வருவதென்றும் நான் முதலில் பேர் சொல்லுவதென்றும் முடிவெடுத்தேன். காக்காவிடம் மறைக்கவில்லை. அவருடைய கூரையில்லாத வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மரக்கிராதியில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"உம்மா உனக்கு மட்டும் உம்மா இல்ல, ஹபீபா," என்றார். "எனக்கும்தான். என்ட மகளுக்கும் மூத்தம்மா. நீ சொல்லிப் போட்டுப் போயிருவா. இந்த வீட்டுக்குள்ள மாப்பிள்ள வராட்டி, அவள் இதுக்குள்ள தனியக் கிடந்து சாகணுமா?"

நிஸா செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வயது. மாமி சொல்லட்டும் என்றோ சொல்ல வேண்டாம் என்றோ அவள் சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையோடு நான் பட்ட பாடு எனக்கும் படைத்த ரப்புக்கும் தெரியும்.

கத்தத்தன்று வளவு நிறையப் பெண்கள். யாசீன் முடிந்தது. நடுவில் பெரிய ஓலைக் கடகம். நான் எழும்பி என்னுடைய பேணியைக் கவிழ்த்தேன். பாதி அரிசி பாயில் சிந்தியது.

"இது என்ட உம்மா மரியம்பீவிட பேரில. உம்மாக்குப் பல்லு வருத்தமில்ல. கன்னத்தில புற்றுநோய். அதிலதான் மௌத்தான," என்றேன்.

ஓதின மாமி வாயில் வந்த துஆவை நிறுத்திவிட்டார். மூலையிலிருந்த மீன்காரர் வீட்டுக் கிழவி ஒருவர் பாயிலே கையூன்றி எழும்பினார். தன் பேணியைக் கடகத்தில் கொட்டி, "என்ட ஆம்புளட பேரில. அதே வருத்தந்தான்," என்று சொல்லிவிட்டு வந்த மாதிரியே போய் இருந்தார். பிறகு இன்னொருத்தி. பிறகு தங்கை பேரில் ஒருத்தி, அழுதுகொண்டு. எல்லாரும் சொன்னார்கள் என்று கதை விட மாட்டேன். அநேகம் பேர் வாய் திறக்கவில்லை. ஆனாலும் போகும்போது சிலர் என் கையைப் பிடித்து, நாளைக்கு வாங்க மிஸ், வாயைப் பாருங்க என்றார்கள்.

வீடுகளில் கதவு திறந்தது. என் காக்காவின் கதவு மூடியது. சம்மாந்துறைக்குச் செய்தி போக எவ்வளவு நேரம்? அங்கேயிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. காக்கா கூரை வேலையை நிறுத்தினார். வீதியில் என்னைக் கண்டால் மற்றக் கரைக்கு மாறிப் போனார். நான் வேலைக்குப் போய் வந்தேன், வாய் பார்த்தேன், டொக்டரிடம் பாராட்டும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து நிஸாவை நினைத்து அழுதேன். இரண்டும் உண்மை.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னுடைய வாசலில் ஒரு கார் நின்றது. போடியாரின் மனைவி ஆசியா உம்மா இறங்கினார். கனத்த பெண், நல்ல நிறம், உதடு எப்போதும் வெற்றிலையில் சிவந்திருக்கும். காக்கா வீட்டுக்குப் போகாமல் என்னிடம் ஏன் வருகிறார்? சம்பந்தத்தை முறிக்கப் பெண்ணிடம் பெண்ணாகச் சொல்ல வந்துவிட்டார் என்று நினைத்தேன். யாரோ சொல்லிக் காக்காவும் மூச்சிரைக்க ஓடி வந்துவிட்டார். ஆசியா உம்மா அவரைப் பார்த்து, கொஞ்சம் வெளியே இருங்கள், பொம்பிளைக் கதை என்றார். கதவைச் சாத்தினார்.

நான் வெற்றிலை வட்டாவை எடுத்து வைத்தேன். பேச்சுவார்த்தைக்கு வந்தவருக்கு வைக்காமல் இருக்கக் கூடாது. அவர் அதைத் தொடவில்லை. ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அந்த நெல்லு அவர் அனுப்பினதில்ல, நான் அனுப்பின," என்றார். "என்ட உம்மாக்கு. உங்கட உம்மாக்கு வந்ததுதான் அவக்கும் வந்த. கலியாணம் முடிச்சு இவ்வளவு காலமா நான் அவருக்குச் சொல்லல்ல."

அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீங்க பேர் சொன்ன எண்டு கேள்விப்பட்டன். எனக்கும் உள்ளுக்கு ஒண்டு இரிக்கி, புள்ள. பாருங்க," என்று சொல்லி வாயைத் திறந்தார். நான் என்னுடைய வாயைக் காட்டவே இல்லை. அதற்கு அவசியமிருக்கவில்லை.

வெற்றிலை அடக்குகிற வலது கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார். அங்கே வெள்ளையாகத் தடித்த படை. பழைய ஹபீபா என்றால் அதோடு கையைக் கழுவியிருப்பாள். எனக்கு டொக்டரின் 'திரும்பவும்' காதில் கேட்டது. கொப்பளிக்கச் சொன்னேன். உதட்டிலிருந்து தொடங்கினேன். கன்னம், மற்றக் கன்னம், அண்ணம். நாக்கைப் பிடித்துத் திருப்பினேன். கடைசியாகத் தூக்கச் சொன்னேன். நாக்குக்குக் கீழே, இடது பக்கம், அவர் வெற்றிலை அடக்காத பக்கம், வெல்வெட் துணி ஒட்டின மாதிரி ஒரு சின்னச் சிவப்பு. வலியில்லை, அவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. வெளியே காத்து நின்ற காக்காவுக்கு ஒரு சலாம் மட்டும் சொல்லிவிட்டு அவர் காரேறிப் போனார்.

டொக்டர் மறுநாள் காலை பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். இரண்டு இடத்திலும் துண்டு எடுத்துப் போத்தல்களில் போட்டு, பெண்களின் அரிசிக் காசில் டிக்கெட் எடுத்து றசாக்கைப் பஸ் ஏற்றினார். அவன் போத்தல்களை மடியிலிருந்து இறக்காமலே கொண்டுபோனதாகச் சொன்னான். வந்த முடிவு: கன்னத்து வெள்ளை பயமில்லை. நாக்குக்கு அடியில் இருந்த சிவப்பு புற்றுநோய், ஆனால் தொடக்கம், வெட்டினால் போய்விடும். டொக்டர் அந்தத் தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் வந்து முதல் கன்னத்தைப் பாத்திருந்தா விட்டிருப்பன், பிள்ளை," என்றார். அது பொய். அவர் விட்டிருக்கவே மாட்டார். என்னைப் பெருமைப்படுத்தச் சொன்னார். இன்றுவரைக்கும் எனக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அந்தப் பொய்தான்.

போடியாருக்கு ஆசியா உம்மா தானே சொன்னார். அடுத்த நாளே அவர் காரைப் பிடித்து மனைவியைக் கொழும்புக்குக் கொண்டுபோனார். வெட்டி எடுத்தார்கள். வெற்றிலையை விட்டதுதான் ஆசியா உம்மாவுக்கு வெட்டினதைவிடக் கஷ்டம். வாய் ஆறி வந்ததும் போடியார் காக்காவின் கட்டாத கூரையை வந்து பார்த்து, ஏன் ஓடு போடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சம்பந்தம் முறிந்ததென்று காக்காதான் நினைத்திருந்தார். ஆசியா உம்மா முதலில் தன் வாயை நினைத்துப் பயந்து கிடந்தார், பிறகு வைத்தியசாலை அலைச்சல், அவ்வளவுதான். நிஸாவின் கலியாணம் அடுத்த அறுவடையோடு நடந்தது.

அதற்கு முந்தியே ஒரு வெள்ளிக்கிழமை காக்கா என் வாசலுக்கு வந்தார். சைக்கிள் கரியரில் ஒரு மூட்டை அரிசி. உள்ளே வரவில்லை. மூட்டையை இறக்கி வைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "உம்மாட பேரில," என்றார். எனக்கு அது போதும்.

அடுத்த அறுவடைக்கு உதுமான் போடியார் ஒரு காரியம் செய்தார். பொலி அளந்து முடியும்வரை காத்திருந்து, களத்துக்கு வெளியே வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, தன் மாமியாரின் பேரைச் சொல்லி, வருத்தத்தின் பேரையும் சொல்லி மூட்டைகளைத் தந்தார். களத்தின் மரியாதையும் கெடவில்லை. றசாக் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பாடம் படித்துவிட்டான்.

இரண்டாம் சுற்று முடிந்தது. டொக்டர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டில் அச்சாகி வந்தது. ஒரு பிரதியை எனக்கு அனுப்பினார். ஆங்கிலம் எனக்கு மட்டுமட்டு. ஆனால் கடைசிப் பக்கத்தை வாசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தங்கள் அன்புக்குரியவர்களின் நினைவாக அரிசியும் நெல்லும் தந்து இந்த ஆராய்ச்சியை முடிக்க வைத்தவர்களுக்கு நன்றி என்று போட்டு, நாங்கள் சொன்ன பேர் எல்லாவற்றையும் வரிசையாக அச்சடித்திருந்தது. டொக்டரின் அப்பாவின் பேருக்கு அடுத்தது மரியம்பீவி. மீன்காரர் வீட்டுக் கிழவியிடம் கொண்டுபோய் அவருடைய கணவரின் பேரைக் காட்டினேன். எழுத்து வாசிக்கத் தெரியாத மனுஷி. விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பெருமை என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் அந்த விரலைத்தான் சொல்லுவேன். எங்களைப் போன்ற மருத்துவமாதுகள் பிற்காலத்தில் வீடுவீடாக வாய் பார்க்கத் தொடங்கியபோது, அந்த ஒழுங்கை நான் பலருக்குப் பழக்கினேன். உதட்டில் தொடங்கி நாக்குக்கு அடியில் முடிப்பது.

இனி நடைபவனிக்கு வருகிறேன். என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் ஆசியா உம்மாதான். தொண்ணூறைத் தொட்டுவிட்டார். காது நல்லாகக் கேட்கும், கண்தான் மட்டு. ஆகவே போகிற முதுகுகளை நான் அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நிஸாவின் மகள் வந்தாள், அவருக்குப் பேத்தி. 'மரியம்பீவி' என்று முதுகில் போட்டிருந்தாள். எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நடந்தாள். ஆசியா உம்மா அவள் போன பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"எல்லார்ர பேரும் போகுது," என்றார் என் பக்கம் திரும்பி. "என்ட பேர மட்டும் காணல்லயே கா."

"உங்கட பேர் அதில வராம இரிக்கத்தானே ராத்தா நாங்க பாடுபட்ட," என்றேன்.

அவர் வாயைப் பெரிதாகத் திறந்து சிரித்தார். பழக்கதோசம் விடுமா? நான் குனிந்து நாக்குக்குக் கீழே பார்த்தேன். சுத்தமாக இருந்தது.